மறதிநோயின் கடைசி மாதங்கள்: வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு

புற்றுநோய் என்று தெரிந்தால் குடும்பம் மனதளவில் தயாராகத் தொடங்கிவிடுகிறது. மறதிநோய்க்கு (டிமென்ஷியா) அப்படி யாரும் தயாராவதில்லை. "வயசாச்சு, ஞாபகம் போச்சு, மத்தபடி ஒண்ணுமில்ல" என்றே ஏழெட்டு வருடம் ஓடிவிடுகிறது. பிறகு ஒரு நடுராத்திரியில் மூச்சு வாங்கும், ஆம்புலன்ஸ் வரும். மூக்கில் குழாயும் அதைப் பிடுங்காமலிருக்கக் கட்டிய கைகளுமாக, முன்பின் தெரியாத வார்டில் கடைசி வாரம் கழியும். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரேபாங்க், டோங்காட் என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றியுள்ள நம் வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது. பெரும்பாலும் தவிர்க்கக்கூடியதும்கூட.

மறதிநோய் உயிரை முடிக்கும் நோய். இறப்புச் சான்றிதழில் நிமோனியா என்றிருக்கலாம். விழுங்கும் வேலையை மூளை மறந்து, சாப்பாடும் எச்சிலும் மூச்சுக்குழாய்க்குள் இறங்கியதால் வந்த நிமோனியா அது. அமெரிக்க முதியோர் இல்லங்களில் கடைசிக் கட்டத்திலிருந்த 323 பேரை 18 மாதம் கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், அந்தக் காலத்துக்குள் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 86 விழுக்காட்டினருக்குச் சாப்பிடுவதில் சிக்கல், 41 விழுக்காட்டினருக்கு நிமோனியா.

கடைசிக் கட்டத்தை எப்படி அறிவது? நாளெல்லாம் சேர்த்து ஐந்தாறு சொற்களுக்கு மேல் பேச்சு இருக்காது. நடை நின்றுபோய், தாங்கல் இல்லாமல் உட்காரவும் முடியாது. சிறுநீரும் மலமும் தானாகப் போகும். இந்த நிலையில், கடந்த ஒரு வருடத்துக்குள் புரையேறி நிமோனியா, சிறுநீரகம்வரை ஏறிய தொற்று, ஆழமான படுக்கைப்புண், ஆறு மாதத்தில் பத்தில் ஒரு பங்கு எடை இழப்பு ஆகியவற்றில் ஒன்று வந்திருந்தாலும் ஹாஸ்பிஸை (குணமாகாத நோயாளிகளுக்கு வேதனை தணித்துப் பார்க்கும் சேவையை) அழைக்கும் நேரம் வந்துவிட்டது. "இன்னும் எத்தனை மாசம்?" என்று டாக்டரை நெருக்க வேண்டாம். புற்றுநோயில் ஓரளவு சொல்லலாம், இதில் முடியாது. சாட்ஸ்வொர்த் ஹாஸ்பிஸ், ஷெர்வுட்டில் உள்ள ஹைவே ஹாஸ்பிஸ் போன்றவற்றை அழைக்க, நாள் எண்ணப்படும் நிலை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

காகிதங்கள் முதலில்

தென்னாப்பிரிக்காவில் குடும்பங்கள் அதிகம் ஏமாறும் இடம் பவர் ஆஃப் அட்டர்னி. அப்பா நல்ல நினைவோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், அது போதும் என்று நினைக்கிறோம். அவர் முடிவெடுக்கும் திறனை இழந்ததும் அந்தத் தாள் சட்டப்படி செத்துவிடுகிறது. திறன் போன பிறகும் செல்லுபடியாகும் அதிகாரப் பத்திரம் பல நாடுகளில் உண்டு, இங்கே இல்லை. அதன்பின் இரண்டு வழிகள்தாம். உயர் நீதிமன்றம் மூலம் காப்பாளரை நியமிப்பது செலவு பிடிக்கும். 2002ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி நிர்வாகியை நியமிக்க உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் (சொத்து மேற்பார்வை அதிகாரி) அலுவலகத்தில் விண்ணப்பிப்பது மற்றது. டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் அந்த அலுவலகம் உண்டு. கைவசமுள்ள மருத்துவ அறிக்கைகள், சொத்து மற்றும் வருமான விவரம், விண்ணப்பிப்பவர் நோயாளியை முந்தைய ஏழு நாட்களுக்குள் நேரில் பார்த்தார் என்ற உறுதிமொழி எல்லாம் கேட்பார்கள்.

சிகிச்சைக்கு யார் சம்மதம் தருவது என்பது வேறு கணக்கு. தேசிய சுகாதாரச் சட்டம் (2003) வரிசை போட்டே சொல்கிறது: நோயாளி எழுத்தில் நியமித்தவர் முதலில். அப்படி யாரும் இல்லையென்றால் கணவன் அல்லது மனைவி, பெற்றோர், தாத்தா பாட்டி, வயதுவந்த பிள்ளை, உடன்பிறந்தவர். மூத்த மகன் என்று தனி இடம் எதுவும் அதில் கிடையாது. ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து போனில் "எல்லாத்தையும் பண்ணுங்க டாக்டர்" என்று சொல்லும் அண்ணனுக்கும், தினமும் துடைத்து ஊட்டிவிடும் தங்கைக்கும் சட்டத்தில் சம உரிமைதான். இந்தச் சண்டை வார்டு வாசலில் வேண்டாம் என்றால், அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே ஒருவரை எழுத்தில் நியமிக்கச் சொல்லுங்கள். எந்த நிலையில் ஆஸ்பத்திரி வேண்டும், எதில் வேண்டாம் என்பதையும் அதே தாளில் எழுதி, ஒரு நகலைக் குடும்ப டாக்டரிடம் கொடுங்கள்.

ஊட்டுவது

நம் வீடுகளில் அன்பு சாப்பாட்டு வழியாகத்தான் போகிறது. அதனால்தான் இந்த இடத்தில் தவறும் அதிகம்.

படுத்த நிலையில் ஊட்டவே கூடாது. இடுப்பு செங்கோணத்தில் மடங்கி, பாதம் எதன்மேலாவது ஊன்றியிருக்க வேண்டும். முகவாய் லேசாகக் கீழ்நோக்கி இருக்கட்டும். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்து பார்ப்பார், மூச்சுக்குழாய் திறந்துகொள்ளும். ஆகவே அவர் கண்மட்டத்தில் உட்காருங்கள். டீஸ்பூனில் பாதி போதும். தொண்டைமணி ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். கன்னத்தின் ஓரத்தில் அடக்கி வைத்திருக்கிறாரா என்று இடையிடையே பாருங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் ஒரு வேளையை இழுக்காதீர்கள். களைத்த தொண்டைதான் அதிகம் புரையேறும். சாப்பிட்டபின் இன்னொரு அரை மணி நிமிர்ந்தே இருக்கட்டும். மூக்கு வைத்த சிப்பர் கப் வசதியாகத் தெரியும், ஆனால் தலையைப் பின்னால் சாய்க்க வைக்கும். வாய் அகன்ற சின்னக் கோப்பையோ ஸ்பூனோ மேல்.

எதை ஊட்டலாம்? தண்ணீர் ஆபத்தானது, வேகமாக ஓடிவிடும். அதைவிட மோசம் ரசம் சாதம்: நீர் ஒரு வேகத்தில் இறங்கும், பருக்கை வேறு வேகத்தில் நிற்கும், தொண்டைக்கு இரண்டையும் சமாளிக்கத் தெரியாது. காய்ந்த ரொட்டியும் உதிரும் பிஸ்கட்டும் அப்படியே. மாறாக, ஒரே பதமாகக் குழைத்த பருப்புச் சாதம், மீலிமீல் (மக்காச்சோள மாவு) கஞ்சியில் கலந்த அமாசி (புளித்த பால்), மசித்த பூசணி, வாழைப்பழம், அவகாடோ எல்லாம் நல்லவை. புரட்டாசியில் வீட்டில் கறி மீன் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், பருப்பும் அமாசியும் போதும். இனிப்புச் சுவை கடைசிவரை நிற்கும். கஞ்சியில் கொஞ்சம் சர்க்கரை போட்டால் வாய் திறப்பார் என்றால் போடுங்கள்.

"சர்க்கரை வியாதி இருக்கே?" என்பீர்கள். நம் சமூகத்தில் யாருக்குத்தான் இல்லை! இந்தக் கட்டத்தில் ஆபத்து எதிர்ப்பக்கம் இருக்கிறது. சாப்பாடு கால்வாசியாகக் குறைந்தபிறகும் பழைய அளவிலேயே இன்சுலினோ கிளிக்லசைடு மாத்திரையோ தொடர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்கிவிடுவார். உணவு குறைந்த வாரத்திலேயே டாக்டரிடம் அளவைக் குறைக்கக் கேளுங்கள். கொழுப்பு மாத்திரையை நிறுத்தலாமா என்றும் அப்போதே கேட்டுவிடலாம்.

மூக்குக் குழாய், வயிற்றுக் குழாய் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறோம்: கடைசிக் கட்ட மறதிநோயில் அவற்றை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014இல் இதையே சொன்னது. குழாய் போட்டாலும் எச்சிலும் வயிற்றிலிருந்து மேலேறுவதும் நுரையீரலுக்குள் போகத்தான் செய்யும். ஆயுள் கூடுவதாகவோ படுக்கைப்புண் ஆறுவதாகவோ சான்று இல்லை. பிடுங்காமலிருக்கக் கையைக் கட்டுவார்கள், வயிற்றுப்போக்கு வரும். "பட்டினி போட்டுக் கொல்றோமா?" என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வரும். உடல் அடங்குவதால் பசி நின்றது, பசி நின்றதால் உடல் அடங்கவில்லை. நாலு ஸ்பூன் ருசிக்காக ஊட்டி, அவர் முகத்தைத் திருப்பினால் நிறுத்திவிடுங்கள்.

வலியைச் சொல்லத் தெரியாதவர்

டயப்பர் மாற்றும்போது அடிக்கிறார், கத்துகிறார் என்றால் அது பிடிவாதம் என்று முடிவு கட்டாதீர்கள். ஐந்து விஷயங்களைப் பார்க்க ஒரு அளவுகோல் உண்டு: மூச்சு, முனகல், முகச்சுளிப்பு, உடல் விறைப்பு, ஆறுதலுக்கு அடங்குகிறாரா என்பது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2, மொத்தம் 10. சும்மா இருக்கும்போது ஒரு தடவை, புரட்டும்போது ஒரு தடவை குறித்து வைத்து நர்ஸிடம் காட்டுங்கள். நார்வேயில் 352 முதியோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு எட்டு வாரம் படிப்படியாக வலி மருந்து கொடுத்துப் பார்த்தபோது அவர்களின் பதற்ற நடத்தை 17 விழுக்காடு குறைந்தது. அதனால் தூக்க மருந்துக்கோ ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்துக்கோ போகுமுன் வரிசையாகப் பாருங்கள்: மலச்சிக்கல், அடைத்த சிறுநீர், வாய்ப்புண், நனைந்த டயப்பர், காய்ச்சல், ஜனவரி மாதப் புழுக்கம்.

பாராசிட்டமாலை நேரம் தவறாமல் கொடுப்பதே பலருக்குப் போதும். ஆனால் 50 கிலோவுக்குக் கீழ் மெலிந்தவருக்கு முழு அளவு கூடாது, டாக்டர் கணக்குப் போட்டுத் தர வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் மார்ஃபின் சிரப். மார்ஃபின் என்றதும் "இதோட முடிஞ்சுது" என்று பயப்படுகிறார்கள். சின்ன அளவில் தொடங்கி, சரியாக அளந்து கொடுக்கும் மார்ஃபின் உயிரைப் பறிப்பதில்லை. உண்மையில் பயப்பட வேண்டியது மில்லிகிராமையும் மில்லியையும் குழப்புவதற்கு. 5 மில்லிக்கு 10 மில்லிகிராம் உள்ள சிரப்பில், 2.5 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால் 1.25 மில்லிதான். டீஸ்பூனில் ஊற்றாதீர்கள், மருந்துக்கடையில் ஊசியில்லாத சிரிஞ்ச் கேட்டு வாங்குங்கள். தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். மார்ஃபின் ஆறாம் பட்டியல் மருந்து, பழைய சீட்டில் மறுபடி தரமாட்டார்கள். பாட்டில் தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே புதுச் சீட்டு வாங்கிவிடுங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டுங்கள். முழுதாக ஒருக்களிக்காமல், முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து 30 பாகை மட்டும் சாய்த்தால் போதும். குதிகால் மெத்தையில் படக்கூடாது. காற்று மெத்தை வாங்கியவர்கள் மின்வெட்டை மறந்துவிடுகிறார்கள்: மோட்டார் நின்றதும் காற்று இறங்கி உடல் நேரே கட்டில் பலகையில் படும். அடியில் ஒரு தடித்த ஃபோம் மெத்தை இருக்கட்டும்.

பகலில் பார்த்துக்கொள்ள ஜூலு பேசும் பெண் வருகிறார், பேரப்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மட்டும். நோயாளியான பாட்டிக்கோ பின்னால் கற்ற ஆங்கிலம் முதலில் போய், சிறுவயதுத் தமிழ் மிஞ்சுகிறது. வலிக்குது, தண்ணி, போதும், குளிருது, பயமா இருக்கு: இப்படிப் பத்துச் சொற்களை அந்தப் பெண் படிக்கும் எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். "வீட்டுக்குப் போகணும்" என்று பாட்டி அழுதால் "இதுதானே வீடு" என்று வாதாடாதீர்கள். அவர் கேட்பது இடிக்கப்பட்ட மேகசின் பாரக்ஸ் என்ற பழைய தொழிலாளர் குடியிருப்பாகவோ, இனவாரிக் குடியிருப்புச் சட்டம் பிடுங்கிய கேட்டோ மேனர் வீடாகவோ இருக்கலாம். அங்கே யார் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள்.

கடைசி நாட்கள்

காய்ச்சல் வந்தால் எல்லாவற்றுக்கும் ஆஸ்பத்திரி என்று ஓட வேண்டாம். வாய்வழி மருந்தும் வலி மருந்தும் வீட்டிலேயே தரலாம். எலும்பு முறிவு, நிற்காத ரத்தம், வீட்டில் அடக்க முடியாத வலி, இவற்றுக்குப் போகத்தான் வேண்டும்.

மூச்சு நின்று நின்று வரும், கைகால் சில்லிட்டுத் திட்டுத்திட்டாக நிறம் மாறும், சிறுநீர் குறையும். தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கும். பார்ப்பவர்களைத்தான் அது அதிகம் வதைக்கிறது. ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தலையைச் சற்று உயர்த்துங்கள், குழாய் விட்டு உறிஞ்ச வேண்டாம். வாயை இரண்டு மணிக்கொரு தடவை ஈரப் பஞ்சால் துடைத்து, உதட்டில் வாசலின் தடவுங்கள். பாலும் துளசித் தண்ணியும் ஊற்ற உறவினர் வரிசையில் நிற்பார்கள். தடுக்க வேண்டாம். ஆனால் ஸ்பூனால் ஊற்றினால் அது நேரே நுரையீரலுக்குள் போய் மூச்சுத் திணற வைக்கும். பஞ்சை நனைத்துப் பிழிந்து உதட்டில் ஒற்றச் சொல்லுங்கள், சடங்கும் நிறைவேறும்.

உயிர் பிரிந்ததும் ஆம்புலன்ஸைக் கூப்பிடாதீர்கள், பார்த்துவந்த டாக்டரைக் கூப்பிடுங்கள். டிஎச்ஏ-1663 என்ற இறப்பு அறிவிப்பை அவர் எழுதினால்தான் உள்துறை அலுவலகத்தில் பதிந்து தகன அனுமதி வாங்க முடியும். பதிவை வழக்கமாக இறுதிச்சடங்கு நிறுவனமே செய்துவிடும். எழுத டாக்டர் யாரும் இல்லையென்றால் போலீஸ், அரசு சவக்கிடங்கு என்று நீளும்; மறுநாளே தகனம் செய்ய நினைத்த குடும்பம் நாட்கணக்கில் காத்திருக்கும். ஆகவே இயற்கையான இறப்பை எதிர்பார்க்கிறோம் என்ற டாக்டரின் கடிதமும், வாரக்கடைசியில் அவர் இல்லையென்றால் யார் வருவார் என்ற பெயரும் முன்பே கையில் இருக்கட்டும்.

பார்த்துக்கொள்பவர், பெரும்பாலும் மகளோ மருமகளோ, வாரத்தில் இரண்டு இரவாவது முழுதாகத் தூங்க வேண்டும். மற்றவர்கள் பழம் வாங்கி வருவதற்குப் பதில் ஒரு இரவு தங்கிவிட்டுப் போகலாம். முதியோர் உதவித்தொகை வாங்குபவருக்கு முழுநேரப் பராமரிப்பு தேவையென்று மருத்துவ மதிப்பீடு இருந்தால், சாசாவில் (அரசு உதவித்தொகை வழங்கும் முகமை) கிராண்ட்-இன்-எய்ட் என்ற கூடுதல் தொகை உண்டு. பலர் கேட்பதே இல்லை. அவரால் அலுவலகம் வர முடியாவிட்டால் டாக்டர் கடிதத்தோடு உறவினர் விண்ணப்பிக்கலாம். இறந்தபின் சாசாவுக்குத் தெரிவியுங்கள், மிஞ்சிய மார்ஃபினை மருந்துக்கடையில் திருப்பிக் கொடுங்கள். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த உங்கள் ரத்த அழுத்தம், சர்க்கரைப் பரிசோதனைக்குக் கருமாதி முடிந்த வாரமே தேதி வாங்குங்கள்.