சீனத் தொழிற்சாலையில் குரலை உயர்த்தாதீர்கள்

குவாங்டாங் மாகாணத்தில், சோங்ஷான் நகரைச் சேர்ந்த குசென் என்ற ஊரில் எங்கு திரும்பினாலும் விளக்குக் கடைகள்தான். எல்.இ.டி. விளக்கு இறக்குமதி செய்யும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவருக்கு மொழிபெயர்ப்பாளராக அங்கே போயிருந்தேன். தயாராகியிருந்த சரக்கைப் பிரித்துப் பார்த்தால், பாதி விளக்குகள் மஞ்சளாகவும் பாதி வெள்ளையாகவும் எரிந்தன. தவறு அவர்களுடையதுதான். ஆனால் நம்மவர் உற்பத்தி மேலாளரைப் பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்திலேயே, தொழிலாளர்கள் சுற்றி நிற்கும்போதே பிடித்துக்கொண்டார். "எல்லாவற்றையும் குப்பையில் போடச் சொல்லுங்கள் சார்" என்றவர், நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு விளக்கை மேசைமேல் டொக்கென்று வைத்தார். மேலாளர் சிரித்தார். "பாருங்கள், சிரிக்கிறான்!" என்று நம்மவருக்குக் கோபம் இன்னும் ஏறியது.

அது கேலிச் சிரிப்பு அல்ல. கூனிக்குறுகிப் போன மனிதர் அதை மறைப்பதற்காகச் சிரித்த சிரிப்பு.

சரக்கை மாற்றித் தர ஒப்புக்கொண்டார்கள். அதன்பிறகு அந்த மேலாளர் எங்களோடு பேசவே இல்லை. விற்பனைப் பிரிவுப் பெண் மட்டும் வீசாட் என்ற செய்திச் செயலியில் பதில் அனுப்புவார். எதைக் கேட்டாலும் 'சரி, சரி'. ஆறு வாரத்தில் வர வேண்டிய சரக்கு பதினோரு வாரம் கழித்து வந்தது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. எங்கள் ஆர்டர் மட்டும் எப்போதும் வரிசையின் கடைசியில் நின்றது.

சீனர்கள் 'மியென்ஸி' என்பார்கள். நேர்ப்பொருள் முகம். தமிழர்களுக்கு இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. 'முகம் கொடுத்துப் பேசவில்லை' என்று வருடக்கணக்கில் மனத்தாங்கல் வைத்திருப்பவர்கள் நாம். முகதாட்சண்யத்துக்காகக் கடன் கொடுத்துவிட்டுத் திண்டாடுபவர்களும் நாம்தான். ஒருவரை மதித்து நடப்பதற்குச் சீன மொழியிலும் 'முகம் கொடுப்பது' என்றே பெயர். சொந்தக்காரர் வீட்டில் இவ்வளவு பார்க்கிற நாம், பணம் கொடுக்கும் இடத்தில் மட்டும் ஏன் இதை மறந்துவிடுகிறோம் என்பதுதான் எனக்குப் புரிவதில்லை.

அடுத்த முறை போனபோது, 'பேசுவதை என்னிடம் விட்டுவிடுங்கள்' என்று முன்பே கேட்டுக்கொண்டேன். மேலாளரின் அறையில் தேநீர்த் தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். குவாங்டாங் பக்கம் ஒருவர் நம் கிண்ணத்தில் தேநீர் ஊற்றினால், இரண்டு விரல்களால் மேசையை மெல்லத் தட்டுவது நன்றி சொல்லும் முறை. இதற்கு ஒரு கதை உண்டு: மாறுவேடத்தில் போன பழைய சீனப் பேரரசர் சியென்லோங் தன் பணியாளுக்குத் தேநீர் ஊற்ற, எல்லார் முன்னும் மண்டியிட முடியாத அந்த ஆள் விரல்களை மடித்து மண்டியிட்டாராம். நம்மவரும் தட்டினார். மேலாளரின் முகம் கொஞ்சம் தளர்ந்தது. "போன ஆர்டரில் வண்ண வெப்பநிலையை நாங்கள் சரியாக எழுதாமல் விட்டிருக்கலாம்" என்று தொடங்கினேன். ஒளி எவ்வளவு மஞ்சள், எவ்வளவு வெள்ளை என்பதைச் சொல்லும் அளவு அது. உண்மையிலேயே '3000 கெல்வின்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'வார்ம் ஒயிட்' என்று மட்டும்தான் எழுதியிருந்தோம். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இல்லை, எங்கள் பக்கம்தான். இரண்டு வேறு தொகுதி எல்.இ.டி. சில்லுகள் கலந்துவிட்டன" என்றார். கத்தியபோது கிடைக்காத காரணம் அன்றுதான் கிடைத்தது.

இன்னொரு சிக்கல், 'முடியாது' என்ற சொல்லை அங்கே எளிதில் கேட்க முடியாது என்பது. 'யென்ஜியூ யென்ஜியூ' என்றால் 'ஆராய்ந்து பார்க்கிறோம்'. பெரும்பாலும் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது என்று பொருள். 'பு ஃபாங்பியென்', அதாவது 'வசதிப்படாது' என்பதும் மறுப்புதான். 'சா பு துவோ' என்றால் 'ஏறக்குறைய அதேதான்'. தரம் பார்க்கப் போனவர் இதைக் கேட்டால் உடனே அளவுகோலை எடுக்க வேண்டும். பெண் கேட்டு வந்தவர்களிடம் 'பார்க்கலாம்' என்று சொல்லியனுப்பும் நமக்கு இது புரியாததா? ஆகவே 'இருபதாம் தேதிக்குள் முடியுமா?' என்று கேட்காதீர்கள். 'முடியும்' என்றுதான் பதில் வரும். 'அச்சு எப்போது தயாராகும், வெளிப்பெட்டி எங்கிருந்து வருகிறது, சீனப் புத்தாண்டு விடுமுறைக்குத் தொழிலாளர்கள் எந்தத் தேதியில் ஊருக்குக் கிளம்புகிறார்கள்' என்று கேளுங்கள். உண்மையான தேதி தானாக வெளியே வரும்.

பரிசு விஷயத்தில் நானே சறுக்கியிருக்கிறேன். தொடக்க காலத்தில் ஒரு முதலாளிக்கு மீனாட்சியம்மன் கோயில் படம் போட்ட சுவர்க் கடிகாரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடிகாரம் பரிசளிப்பதைக் குறிக்கும் 'சோங் ஜோங்' என்ற சொல், சாகப்போகிறவரை வழியனுப்பி வைப்பதைக் குறிக்கும் சொல்லைப் போலவே ஒலிக்கும். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அந்தக் கடிகாரத்தை அங்கே எந்தச் சுவரிலும் நான் பார்க்கவில்லை. 2015இல் பிரிட்டன் அமைச்சர் சூசன் கிரேமர், தைவானின் தைபே நகர மேயருக்குச் சட்டைப்பைக் கடிகாரம் ஒன்றைக் கொடுத்துச் செய்தியானார் என்பதில் எனக்கு ஓர் அற்ப ஆறுதல். குடையும் வேண்டாம், அதன் பெயர் பிரிவைக் குறிக்கும் சொல்லைப் போல ஒலிக்கும். நல்ல முந்திரிப் பருப்பு கொண்டுபோங்கள்.

விருந்தைப் பற்றி இரண்டு வரி போதும். கதவைப் பார்த்தபடி இருக்கும் நாற்காலியில் நாமாகப் போய் உட்காரக் கூடாது. குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்கக் கூடாது. அது இறந்தவருக்கு ஊதுவத்தி ஏற்றியதுபோல் இருக்கும். குடிக்காதவர்கள் முதல் கிண்ணத்திலேயே சொல்லிவிடுங்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

'குவான்ஷி' என்ற சொல்லைத்தான் நம் ஆட்கள் தப்பாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அதன் பொருள் உறவு. உறவு இருந்தால் போதும், தாள் எதற்கு என்று முன்பணத்தை அனுப்பிவிட்டுத் தவிப்பவர்களைப் பார்க்கிறேன். ஒப்பந்தத்தில் நிறுவனத்தின் சிவப்பு வட்ட முத்திரை இருக்க வேண்டும். அங்கே கையெழுத்தைவிட அதற்குத்தான் மதிப்பு அதிகம். பணம் நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்குக்கே போக வேண்டும். கப்பலேறும் முன் ஆள் வைத்துச் சரக்கைச் சோதிக்க வேண்டும். இதையெல்லாம் கேட்டால் யாருடைய முகமும் கெடாது.

அதே கோயம்புத்தூர்க்காரருக்குச் சென்ற ஆண்டு ஒரு மின்னஞ்சல் வந்தது: வங்கிக் கணக்கு மாறிவிட்டது, மீதிப் பணத்தைப் புதிய கணக்குக்கு அனுப்புங்கள் என்று. பெயர், சின்னம், ஆர்டர் எண் எல்லாமே சரியாக இருந்தன. அவர் சந்தேகப்பட்டு, பழைய எண்ணில் அந்த மேலாளரை நேரே அழைக்கும்படி என்னிடம் சொன்னார். மேலாளர் இரண்டாவது மணியிலேயே எடுத்தார். "நாங்கள் எதையும் மாற்றவில்லை. அனுப்பாதீர்கள்" என்றார்.