புளியோதரை ஏன் ஊற ஊற ருசிக்கிறது?

அலுவலகத்தில் ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து பகிர்ந்துண்ணும் பாட்லக் என்றதும் யாராவது ஒருவர் முந்திக்கொண்டு புளியோதரைக்குப் பெயர் கொடுத்துவிடுவார். சோம்பேறித்தனம் என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். என்னைக் கேட்டால், அந்த மேசையில் இருப்பதிலேயே விவரமான தேர்வு அதுதான். காலை ஆறு மணிக்கு அடுப்பிலிருந்து இறங்கும் சாப்பாடு வாய்க்குப் போக மதியம் ஒரு மணி ஆகிவிடும். இடைப்பட்ட நேரத்தில் பெரும்பாலான பண்டங்களின் ருசி இறங்கும். இதன் ருசி ஏறும்.

வெறும் சாதத்தில் ஒரு சிக்கல் உண்டு. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். உலை கொதித்தாலும் அவை சாவதில்லை. சாதம் வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்துப் பெருகும். சில வகைகள் சீரியுலைடு என்ற நச்சையும் சுரக்கும். வாந்தி வரவைக்கும் இந்த நச்சு, பிரஷர் குக்கர் எட்டும் 120 டிகிரி செல்சியஸிலும் சிதைவதில்லை. அதனால் மைக்ரோவேவில் சுடவைப்பது பரிகாரம் ஆகாது. முகர்ந்து பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்ட பலர் வாந்தி எடுத்ததற்கு, வேகவைத்து வெளியிலேயே வைத்திருந்த சாதம்தான் காரணம் என்று தெரியவந்தது.

புளி இங்கேதான் உதவுகிறது. அதன் புளிப்புக்கு முக்கியக் காரணம் டார்டாரிக் அமிலம். மற்ற பல பழங்கள் பழுக்கும்போது அமிலம் குறையும். புளியம்பழத்திலோ சர்க்கரை கூடுமே தவிர, இந்த அமிலம் அவ்வளவாகக் குறைவதில்லை. பழுத்த பிறகும் பல் கூசுவது அதனால்தான். அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு (புளிப்பு கூடக் கூட இது குறையும்) 4.5-க்குக் கீழே போனால் பேசில்லஸ் சீரியஸ் வளரத் திணறும். ஆனால் பேருக்குக் கொஞ்சம் புளி சேர்த்தால் இந்தக் காவல் கிடைக்காது. புளிப்பு ஒவ்வொரு பருக்கைக்கும் போய்ச் சேர வேண்டும்.

புளிக்காய்ச்சல் வாரக்கணக்கில் தாங்குவதற்கு அமிலம் மட்டும் காரணமில்லை. தண்ணீர் இருக்கும்வரை கொதிக்கும் கரைசலின் வெப்பம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். தண்ணீர் சுண்டச் சுண்ட, எண்ணெய் பிரிந்து மேலே வரும். மிச்சமிருக்கும் கொஞ்ச ஈரத்தையும் உப்பும் வெல்லமும் பிடித்து வைத்துக்கொள்வதால் நுண்ணுயிர்களுக்கு அது எட்டாது. நல்லெண்ணெயில் சிக்கு வாடை சீக்கிரம் வராததற்கு அதிலுள்ள சிசமால் போன்ற பொருள்கள் காரணம். ஆகவே புளிக்காய்ச்சலை இரண்டு நாள் முன்பே செய்து வைத்துவிடலாம். சாதத்தை மட்டும் அன்று காலையில் வடித்தால் போதும்.

வடித்த சாதத்தைத் தாம்பாளத்தில் பரப்பி நல்லெண்ணெய் விட்டு ஆறவிடுவார்கள். ஆறும்போது மாவுச்சத்தின் அமைலோஸ் இழைகள் ஒன்றோடொன்று சேர்ந்து இறுகுவதால், கிளறும்போது பருக்கை உடையாது. கலந்தவுடன் ஒரு வாய் தின்று பாருங்கள்: வெளியே சுள்ளென்று புளிக்கும், உள்ளே சப்பென்று இருக்கும். உப்பும் அமிலமும் நீரில் கரைபவை. பருக்கைக்குள் இருக்கும் ஈரத்தின் வழியே மெல்ல உள்ளே போகும். மிளகாயின் காரமும் பெருங்காய மணமும் எண்ணெயோடு சேர்ந்து மேலேயே தங்கும். சில மணி நேரத்தில் புளிப்பு பரவி மட்டுப்படும். ஊறுவது என்றால் இவ்வளவுதான்.

கலந்ததை ஃப்ரிட்ஜில் வைத்தால் மாவுச்சத்து இன்னும் வேகமாக இறுகும். உறைநிலைக்குச் சற்று மேலான குளிர்தான் அதற்கு மிகவும் தோதானது. வைத்தே ஆக வேண்டுமென்றால் பரிமாறுமுன் நன்றாகச் சூடு பண்ணுங்கள். வேர்க்கடலையை மட்டும் தனி டப்பாவில் கொண்டுபோங்கள். சாதத்தின் ஈரம் வறண்ட கடலைக்குள் ஏறிவிட்டால் மொறுமொறுப்பு போச்சு.

தயிர்சாதமும் தோதான பண்டம்தான். பாலை ஊற்றிப் பிசைந்து ஒரு கரண்டி தயிர் சேர்த்தால், வழியிலேயே லாக்டிக் அமில பாக்டீரியா மீதி வேலையை முடித்துவிடும். தேங்காய் சாதம் வேண்டாம். ஈரமும் சத்தும் நிறைந்து புளிப்பே இல்லாத அது வெயில் நாளில் மதியம்வரை தாங்காது.

பிரியாணி கொண்டுவருபவர்களுக்கு ஒரு கணக்கு. உணவின் ஆழம் இரண்டு மடங்கானால் நடுப்பகுதி ஆற ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். ராத்திரி தம் போட்டு அண்டாவோடு மூடி வைத்தால் விடியும்வரை நடுவில் வெதுவெதுப்பு இருக்கும். அகலத் தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பி, ஆவி அடங்கியதும் ஃப்ரிட்ஜுக்குள் தள்ளுங்கள்.