வெட்டுவதற்கு முன் ஒரு வருடம் கவனியுங்கள்

மரங்களின் நலனைப் பார்த்துச் சொல்வது என் தொழில். வெயில் ஏறத் தொடங்கும் நாட்களில் எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். "கொல்லையில நிக்குற மரம் பட்டுப்போச்சு, வெட்டிடலாமான்னு வந்து பார்த்துச் சொல்லுங்க." போய்ப் பார்த்தால் பல இடங்களில் அது இலையுதிர்த்து நிற்கும் மரம், அவ்வளவுதான்.

ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் தன் வேப்பமரத்தைக் காட்டினார். பேருக்குக்கூட ஓர் இலை இல்லை. கைக்கெட்டிய சிறுகிளையின் தோலை நகத்தால் லேசாகச் சுரண்டிக் காட்டினேன். பழுப்புத் தோலுக்குக் கீழே ஈரமான இளம்பச்சை. "போன வருஷம் இதே மாசம் எப்படி இருந்துச்சுங்க ஐயா?" என்று கேட்டேன். "அதையெல்லாம் யாரு தம்பி கவனிச்சா?" என்றார். நான் போகும் வீடுகளில் பாதிப் பிரச்சினை இந்தப் பதிலில்தான் இருக்கிறது. தன் மரத்தின் வழக்கம் தெரியாதவருக்கு எந்த மாற்றமும் நோயாகத்தான் தெரியும்.

இலையை உதிர்ப்பது மரம் செய்யும் வேலை. முதிர்ந்த இலையிலுள்ள நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற சத்துகளில் கணிசமான பங்கை மரம் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு காம்பின் அடியில் ஒரு பிரிப்படுக்கு உருவாகி இலை கழன்று விழுகிறது. இதைச் செய்யக் கிளைக்கு உயிர் வேண்டும். திடீரெனச் செத்த கிளையால் இலையை உதிர்க்க முடியாது. இலைகள் காய்ந்து சுருண்டு அதிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். அதனால் மொட்டையாக நிற்கும் மரம் என்னைப் பயமுறுத்துவதில்லை. மற்ற கிளைகள் பச்சையாக இருக்க, ஒரு கிளையில் மட்டும் காய்ந்த இலைகள் ஒட்டிக்கொண்டிருந்தால்தான் கவலைப்படுவேன். நுனியிலிருந்து காய்ந்துகொண்டே கீழிறங்கும் கிளையும் அப்படித்தான்.

அடுத்த பயம் தளிர் விடும்போது வரும். மாந்தளிர் செம்பு நிறத்தில், துவண்டு தொங்கும். நோய் என்று நினைத்து மருந்தடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சிவப்புக்குக் காரணம் ஆந்தோசயனின் என்ற நிறமி. பச்சையம் முழுதாக உருவாகும் முன் கடும் வெயிலிலிருந்து இளம் இலையைக் காப்பதில் அதற்குப் பங்கு உண்டு. சில வாரங்கள் பொறுத்தால் இலை விறைத்துப் பச்சையாகிவிடும்.

பூக்கும் காலத்தில் மருந்தடிப்பது அதைவிடப் பெரிய தவறு. மாம்பூவுக்கு மகரந்தம் சுமந்து வரும் ஈக்களும் தேனீக்களும் அதில் செத்துப்போகும். பிஞ்சு கொட்டுவதைக் கண்டும் பதற வேண்டாம். ஒரு பூங்கொத்தில் நூற்றுக்கணக்கில் பூக்கள் இருந்தாலும் அவற்றில் பல ஆண் பூக்கள். முதிர்ந்த காயாகத் தேறுவது மிகச் சில. ஒரு வருடம் காய்த்துக் குலுங்கி மறுவருடம் ஓய்ந்துவிடும் மாமரங்களும் நிறைய உண்டு. போன வருடக் குறிப்பு கையில் இருந்தால்தான் இது ஓய்வா நோயா என்று பிரித்துச் சொல்ல முடியும்.

குறிப்பெடுப்பது எளிது. ஒரே கிளையில் தளர்வாக ஒரு துணியைக் கட்டிவிட்டு வாரம் ஒருமுறை அதையே பாருங்கள். தளிர், பூ, பிஞ்சு, பழம், உதிர்வு, வந்து போகும் பறவை, பூச்சி என்று தேதியோடு இரண்டு வரி எழுதினால் போதும். ஒரே இடத்தில் நின்று மாதம் ஒரு படமும் எடுத்து வையுங்கள். இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ராபர்ட் மார்ஷம் 1736-இல் இப்படித்தான் எழுதத் தொடங்கினார். அவர் குடும்பத்தார் 1958 வரை அதைத் தொடர்ந்தார்கள். பருவங்கள் இடம் மாறுவதை அறிய அந்தக் குறிப்புகள் இன்றும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. ஒரே ஒரு வருடக் குறிப்பு இருந்தாலே என் போன்றவர்களின் வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

ஆனால் சில அறிகுறிகளுக்கு ஒரு வருடம் காத்திருக்கக் கூடாது. மழைக்காலத்தில் அண்ணாந்து பார்ப்பதோடு குனிந்தும் பாருங்கள். அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்தால் உள்ளே மரம் உளுத்துக்கொண்டிருக்கலாம். நேராக நின்ற மரம் புதிதாகச் சாய்ந்து, சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்திருந்தால் வேர் பிடி விடுகிறது என்று அர்த்தம். அன்றே அதன் அடியில் யாரையும் நடமாட விடாமல், விவரம் தெரிந்தவரை அழையுங்கள்.

மற்றபடி, கவாத்து செய்தே (கிளைகளை வெட்டியே) ஆக வேண்டுமென்றால் முதலில் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். மரத்தின் தலையை ஒருபோதும் மொட்டையடிக்க விடாதீர்கள். நம் தோல் ஆறுவதுபோல் மரத்தின் காயம் ஆறுவதில்லை. அழுகிய பகுதியைச் சுற்றித் தடுப்பு எழுப்பி, அதன்மேல் புது மரத்திசுவை வளர்த்து மூடுகிறது. அமெரிக்க மர ஆய்வாளர் அலெக்ஸ் ஷிகோ 1970-களில் மரங்களை அறுத்துப் பார்த்து விளக்கிய விஷயம் இது. கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் சற்றுப் புடைத்த ஒரு வளையம் தெரியும். அதைத் தொடாமல், அதற்குச் சற்று வெளியே அறுத்தால் மரமே அந்தக் காயத்தை மூடிக்கொள்ளும்.