மண்வள அட்டை வந்ததா? மணிச்சத்து வரியைப் பாருங்கள்

பல ஊர்களில் அடியுரம் (விதைப்பு, நடவுக்கு முன் போடும் உரம்) என்றாலே ஏக்கருக்கு ஒரு மூட்டை டிஏபி. போன போகமும் அதே, அதற்கு முந்தைய போகமும் அதே. வயலுக்கு அது தேவையா என்று சொல்லத்தான் மத்திய அரசு 2015 பிப்ரவரியில் மண்வள அட்டைத் திட்டத்தைத் தொடங்கியது. விவசாயிக்குச் செலவு கிடையாது. அட்டையில் 12 அளவுகள் இருக்கும்.

டிஏபியில் பெரும்பங்கு மணிச்சத்துதான் (பாஸ்பரஸ்). அதனால் அட்டையில் அந்த வரியை நிதானமாகப் படியுங்கள். தமிழ்நாட்டில் எக்டேருக்கு 11 கிலோவுக்குக் கீழே இருந்தால் குறைவு, 22 கிலோவுக்கு மேலே போனால் அதிகம். யூரியாவின் தழைச்சத்து (நைட்ரஜன்) காற்றோடும் தண்ணீரோடும் போய்விடும். மணிச்சத்து அப்படியில்லை, மண்ணைப் பிடித்துக்கொண்டு அங்கேயே கிடக்கும். போட்டதில் சிறு பங்கைத்தான் அந்தப் போகத்துப் பயிர் எடுக்கும். மிச்சம் வருடா வருடம் சேரும். அளவு மீறினால் பயிருக்குத் துத்தநாகம் கிடைப்பதும் குறையும்.

அப்புறம் மழை. வரப்பு உடைந்து செம்மண் கலங்கலாக வாய்க்காலில் ஓடுகிறதே, அந்த வண்டலோடு ஒட்டிக்கொண்டுதான் மணிச்சத்து ஏரிக்குப் போகிறது. மண்ணில் ஏற்கெனவே நிறைய சேர்ந்திருந்தால் தண்ணீரிலும் கரைந்து போகும். ஏரியில் பச்சைப் பாசியும் ஆகாயத்தாமரையும் அடைத்துக்கொள்ள, சாக்கடையோடு சேர்ந்து இதுவும் ஒரு காரணம். காசு கொடுத்து வாங்கிய உரம் களைக்கு உணவாவதைப் பார்க்க வயிறு எரிகிறது.

அட்டையில் 'அதிகம்' என்றிருந்தால் எவ்வளவு குறைக்கலாம் என்பது அதிலேயே பயிர்வாரியாக இருக்கும். டிஏபியைக் குறைத்தால் தழைச்சத்தும் குறையுமே என்ற பயம் வேண்டாம். 50 கிலோ மூட்டையில் தழைச்சத்து 9 கிலோதான், ஏறக்குறைய 20 கிலோ யூரியா அதை ஈடுகட்டும். போடுகிற டிஏபியையும் கடைசி உழவில் மண்ணோடு கலந்துவிடுங்கள். மழை இருட்டிக்கொண்டு நிற்கும்போது மேலாக வீச வேண்டாம்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பாசன நிலத்தில் 2.5 எக்டேருக்கும் மானாவாரியில் 10 எக்டேருக்கும் ஒரு மாதிரி என்ற கணக்கில்தான் இத்திட்டத்தில் மண் எடுத்தார்கள். அதனால் உங்கள் அட்டையில் இருப்பது பக்கத்து வயலின் மண்ணாகவும் இருக்கலாம். சந்தேகம் இருந்தால் நீங்களே எடுங்கள். வரப்பு, மர நிழல், எருக்குவியல் பக்கம் வேண்டாம். உரம் போட்ட கையோடும் எடுக்கக் கூடாது. பத்துப் பதினைந்து இடங்களில் 'வி' வடிவில் 15 சென்டிமீட்டர் வெட்டி, குழியின் இரு பக்கமும் மேலிருந்து கீழாக மண்ணைச் சுரண்டி, கலந்து, அரைக் கிலோவை நிழலில் உலர்த்தி, மாவட்ட மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள்.