நோட்டுக் கட்டை வீட்டுக்குத் தூக்காதீர்கள்

காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமப் பள்ளியில் 19 வருடமாகக் கணக்குப் பாடம் எடுக்கிறேன். 6, 7, 8 மூன்று வகுப்புக்கும் நான்தான். வகுப்புக்கு 38 பேர், ஆக 114 நோட்டு. ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் 228 நிமிடம், ஏறக்குறைய நாலு மணி நேரம். கணக்கு டீச்சரான நான் இந்தக் கணக்கைப் பல வருடம் போட்டுப் பார்க்கவே இல்லை. கட்டைப்பையில் நோட்டை அடைத்து பஸ்ஸில் தூக்கிவந்து, சமையல் முடித்து, இரவு 11 மணி வரை சிவப்பு மையோடு உட்கார்ந்திருப்பேன்.

அப்படி ஒரு இரவுக்கு மறுநாள் காலை, பின்னக் கூட்டலில் ஒரு பிள்ளை மூன்றாவது தடவையாகக் கேட்டாள்: "தொகுதியைக் கூட்டுறோம், பகுதியை ஏன் டீச்சர் கூட்டக்கூடாது?" எரிந்து விழுந்துவிட்டேன். அந்த வருடம் முழுக்க அவள் கை தூக்கவில்லை. அன்று வகுப்பில் கேட்கப்பட்டதிலேயே நல்ல கேள்வி அதுதான் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

அவ்வளவு திருத்தியும் பயன் என்ன? பிள்ளைகள் மதிப்பெண்ணைப் பார்த்ததும் நோட்டை மூடிவிடுவார்கள். ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988-ல் இதைச் சோதித்துக் காட்டினார். மதிப்பெண் இல்லாமல் எழுத்துக் குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்ந்து பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை.

இப்போது வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் கரும்பலகையில் ஒரே ஒரு கணக்கு. துண்டுச்சீட்டில் போட்டுத் தருவார்கள். புரிந்தது, ஒரு படி தவறியது, புரியவே இல்லை என்று மூன்று அடுக்காகப் பிரிக்க ஆறேழு நிமிடம் போதும். மறுநாள் பாடம் நடு அடுக்கிலிருந்து தொடங்கும். மூன்றாவது அடுக்குப் பிள்ளைகளை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வேன். முழு நோட்டுத் திருத்தம் வகுப்புக்கு நாளுக்கு எட்டு, அதுவும் அந்தப் பிள்ளையின் பெஞ்சிலேயே. ஐந்து நாளில் 38 பேரும் முடிந்துவிடுவார்கள்.

பாடத் தயாரிப்பிலும் இப்படித்தான். தரையில் பதிக்கும் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் ஒன்று என் மேசையில் எப்போதும் இருக்கும். பரப்பளவு, சமச்சீர், விகிதம் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். கல் பட்டறைக்கு வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் என்னைவிட நன்றாக விளக்குவார்கள்.

கேள்வி கேட்டதும் வாயை மூடிக்கொள்ளப் பழகியது இன்னொன்று. ஆசிரியர்கள் பதிலுக்குச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், மூன்று நொடி பொறுத்தால் பதில் நீளமாகவும் யோசித்ததாகவும் வருகிறது என்றும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே எழுதினார். சாயங்காலம் தொண்டை கட்டுவதும் எனக்கு இதனால் குறைந்தது.

இளம் ஆசிரியர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஆசிரியருக்கு வாரம் குறைந்தது 45 மணி நேர வேலை என்கிறது. பாடம் தயாரிக்கும் நேரமும் அதற்குள்தான் அடக்கம். ஓய்வுப் பாடவேளையில் தயாரிப்பது சலுகை இல்லை. பள்ளி விவரங்களை இணையத்தில் பதியும் வேலை அந்த நேரத்தைத் தின்னும்போது தலைமையாசிரியரிடம் தயங்காமல் பேசுங்கள்.

தூங்கியும் தீராத களைப்பு, பிள்ளைகள் மேலேயே ஒரு விட்டேற்றி, எதைச் செய்தும் பயனில்லை என்ற எண்ணம், மூன்றும் வாரக்கணக்கில் நீடித்தால் அது சோம்பேறித்தனம் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதை வேலையால் வரும் நிலை என்றே வகைப்படுத்தியது. மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மனாஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

போன பெற்றோர் கூட்டத்தில் ஒரு அப்பத்தா நோட்டை விரித்துக்கொண்டு வந்தார். "என்ன டீச்சர், பக்கத்துக்குப் பக்கம் டிக்கு காணலையே, பிள்ளைய பாக்குறியளா இல்லையா?" ஜூன் மாதத்திலிருந்து சேர்த்து வைத்த பேரனின் சீட்டுகளை மேசையில் வரிசையாகப் பரப்பினேன். படிக்கத் தெரியாது என்றார். ஆனாலும் முதல் சீட்டையும் கடைசிச் சீட்டையும் கையில் எடுத்து, வெகுநேரம் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.