பழைய செயின்சாவை வீட்டில் சீர்செய்வோர் கவனத்துக்கு

மலைத் தோட்டங்களின் ஸ்டோர் அறைகளில், சில்வர் ஓக்கையும் கற்பூர மரத்தையும் அறுத்து ஓய்ந்த பழைய செயின்சாக்கள் இன்னும் கிடக்கின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவின் தென்னைகளைச் சாய்த்தபோது, அவசரத்துக்குக் கிடைத்த விலையில் பழையதாக வாங்கி, வேலை முடிந்ததும் சாக்கில் கட்டிப் பரணில் போடப்பட்டவையும் உண்டு. இவற்றைத் தூசி தட்டி எடுத்து, காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரித்துச் சீர்செய்யும் ஆர்வம் இப்போது பலருக்கு வந்திருக்கிறது. சிறு எஞ்சின்களைப் பழுதுபார்த்தே பிழைக்கும் எனக்கு இதில் மகிழ்ச்சிதான். ஆயினும் பட்டறைக்கு வந்து சேரும் இயந்திரங்களில் கணிசமானவை, ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்ததால் கெட்டவை அல்ல; கயிற்றை இழுத்ததும் ஸ்டார்ட் ஆகிவிட்ட உற்சாகத்தில், அப்படியே மரத்தில் வைத்து அறுத்ததால் பிஸ்டன் பிடித்துப் போனவை.

நம் பக்கத்தில் பழைய செயின்சா என்றால் பெரும்பாலும் ஸ்டில் நிறுவனத்தின் 070 மாடலோ அதன் நகலோதான். 1968-இல் வெளிவந்த அந்த எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 58 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 40 மில்லிமீட்டர். கொள்ளளவு ஏறத்தாழ 106 சிசி. கூடப் பிறந்த 090 மாடலுக்கும் ஓட்டம் அதே அளவுதான். விட்டம் 66 ஆனதால் 137 சிசி வருகிறது. கட்டமைப்பு எளிமையானது, உதிரிப்பாகம் இன்றும் கிடைக்கிறது, கனமான கைக்கும் தாங்கும். வீட்டில் பிரித்துப் பழக இதைவிட ஏற்ற இயந்திரம் குறைவு. கீழே சொல்லப்போவதை இதை மனதில் வைத்தே எழுதுகிறேன். அமெரிக்காவின் ஹோம்லைட், மெக்கல்லக் போன்ற பழைய ரம்பங்களுக்கும் அடிப்படை ஒன்றேதான்.

பிரிப்பதற்கு முன்பே எஞ்சினின் உடல்நிலையை ஓரளவு அறிந்துகொள்ளலாம். ஸ்டார்ட்டர் கைப்பிடியைப் பிடித்து ரம்பத்தைத் தரையிலிருந்து அரையடி உயரத்தில் தொங்கவிடுங்கள். ஸ்டார்ட் செய்ய எளிதாகச் சிலிண்டர் அழுத்தத்தைக் குறைக்கும் டீகம்ப்ரெஷன் வால்வு இருந்தால் அது மூடியிருக்க வேண்டும். நல்ல கம்ப்ரெஷன் உள்ள எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் தயங்கித் தயங்கி இறங்கும். தடையே இல்லாமல் சரசரவென்று இறங்கினால் ரிங்கோ பிஸ்டனோ போயிருக்கிறது. அடுத்து சைலன்சரைக் கழற்றி, எக்ஸாஸ்ட் துளை வழியாக டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். அந்தப் பக்கத்தில் செங்குத்தான கீறல்களும் இழுபட்ட அலுமினியமும் தெரிந்தால், எஞ்சின் சூட்டில் ஓடியிருக்கிறது என்று பொருள். அதற்குக் காரணம் ஆயில் போதாமை அல்லது காற்று மிகுந்த கலவை. இன்டேக் பக்கம் மட்டும் மங்கலாகத் தேய்ந்திருந்தால் ஏர் ஃபில்டர் வழியே தூசி போயிருக்கிறது. இந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதுப் பிஸ்டன் போடுவது வீண் செலவு. புதியதும் அதே வழியில்தான் போகும்.

வீட்டிலேயே சீர்செய்வதில் பெரும்பாலோர் தவிர்த்துவிடும் வேலை ஒன்று உண்டு. அதைச் செய்யாத எந்தப் பழைய டூ-ஸ்ட்ரோக் எஞ்சினையும் நான் ஸ்டார்ட் செய்வதில்லை. அது கிராங்க்கேஸின், அதாவது பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் தண்டு சுழலும் அறையின், காற்றுக்கசிவுச் சோதனை. இவ்வகை எஞ்சினில் கலவை கிராங்க்கேஸுக்குள் இழுக்கப்பட்டு, அழுத்தப்பட்டு, பிறகே சிலிண்டருக்குப் போகிறது. கிராங்க் தண்டின் இரு முனைகளிலும் உள்ள ஆயில் சீல்கள் ஆண்டுக்கணக்கில் காய்ந்து விறைத்திருக்கும். அவற்றின் இடுக்கு வழியே கார்புரேட்டருக்குத் தெரியாமல் காற்று நுழையும்போது கலவையில் பெட்ரோல் குறைகிறது. பெட்ரோலோடு வர வேண்டிய ஆயிலும் சேர்ந்தே குறைகிறது. எஞ்சின் அப்போது வழக்கத்தைவிட உற்சாகமாகச் சுழல்வதால், வேலை நன்றாக முடிந்தது என்றே செய்தவருக்குத் தோன்றும். ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் வேகம் உடனே இறங்காமல் நீடித்தால், அதுதான் முதல் எச்சரிக்கை.

சோதனைக்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. சைலன்சரைத் திரும்ப மாட்டும்போது துளைக்கும் அதற்கும் இடையே சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை வைத்து முறுக்கினால் எக்ஸாஸ்ட் அடைபடும். கார்புரேட்டர் இருந்த இடத்தில், நடுவில் சிறு குழாய் பொருத்திய தகடு ஒன்றை ரப்பர் வைத்து இறுக்க வேண்டும். கார்புரேட்டரின் மெல்லிய சவ்வான டயாஃப்ரத்துக்கு அழுத்தம் கொண்டுபோகும் சிறு துளையையும் அந்த ரப்பரே மூடிக்கொள்ளும். ஸ்பார்க் பிளக் தன் இடத்தில் இருக்கட்டும். இனி, வீட்டில் ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய முள் வகைக் கருவி இருந்தால், அதன் பம்ப்பையும் மீட்டரையும் அந்தக் குழாயில் இணைத்துவிடலாம். அதன் உச்ச அளவான 300 மில்லிமீட்டர் பாதரசம் ஏறத்தாழ 0.4 பார், பட்டறைகளில் வைக்கும் 0.5 பாருக்கு அது பக்கம்தான். (அந்தக் கருவியைத் திரும்ப அம்மாவின் கையில் கட்ட வேண்டாம்.) மெதுவாகக் காற்றேற்றி, முள் அரை நிமிடமாவது அசையாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கினால் சீல், கேஸ்கட், சிலிண்டர் அடிப்பகுதி ஆகிய இடங்களில் சோப்புத் தண்ணீரைத் தடவுங்கள். குமிழி வரும் இடமே குற்றவாளி.

அழுத்தத்தில் தேறிய எஞ்சினும் வெற்றிடத்தில் தோற்கக்கூடும் என்பதால், சோதனை இத்துடன் முடியவில்லை. சீலின் உதடு உட்பக்கம் நோக்கியிருப்பதால் உள்ளே அழுத்தம் ஏறும்போது அது தண்டின்மேல் இறுகிக்கொள்கிறது. உள்ளே வெற்றிடம் உண்டாகும்போது தளர்ந்து வெளிக்காற்றை விட்டுவிடுகிறது. ஓடும் எஞ்சினில் இவ்விரண்டும் ஒவ்வொரு சுற்றிலும் மாறி மாறி நடக்கின்றன. ஆகவே பிரேக் ஆயில் உறிஞ்சப் பயன்படும் கைப்பம்ப்பை வைத்து வெற்றிடமும் பிடித்து, ஃபிளைவீலை மெல்லச் சுற்றியபடி மீட்டரைக் கவனிக்க வேண்டும். ஐயம் இருந்தால் இரண்டு சீல்களையும் மாற்றிவிடுவதே மேல்; அவற்றின் விலை பிஸ்டன் செட்டின் விலையில் சிறு பங்குதான்.

சீலை எட்ட கிளட்சையும் ஃபிளைவீலையும் கழற்றியாக வேண்டும். பெரும்பாலான ரம்பங்களில் கிளட்ச் இடது மரை கொண்டது. கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். பிஸ்டனை நிறுத்த ஸ்பார்க் பிளக் துளை வழியே ஸ்க்ரூடிரைவரைச் செருகுபவர்கள் பிஸ்டனின் தலையைத்தான் துளைக்கிறார்கள். ஸ்டார்ட்டர் கயிற்றின் துண்டு ஒன்றை உள்ளே விட்டாலே போதும். ஸ்டார்ட்டரைப் பிரிக்கும்போது கண்ணாடி அணியாமல் இருக்கவே கூடாது. சுருண்டிருக்கும் அந்தப் பட்டை ஸ்பிரிங் அவிழ்ந்தால் நேராக முகத்துக்கு வரும்.

துரு நீக்குவதில் நம் வீட்டுப் பழக்கம் ஒன்று இங்கே ஆபத்தாக முடிகிறது. பித்தளைக்கும் செம்புக்கும் புளி போட்டுத் தேய்த்துப் பழகியவர்கள் ரம்பத்தின் உடல் பாகங்களையும் புளித் தண்ணீரிலோ வினிகரிலோ ஊறவைத்துவிடுகிறார்கள். இரவு ஊறவைத்ததைக் காலையில் எடுத்துப் பார்த்தால், மேற்பரப்பு முழுக்கக் கறுத்து, சீல் உட்காரும் விளிம்பில் ஊசியால் குத்தியதுபோலப் பள்ளங்கள் விழுந்திருக்கும். பழைய ரம்பங்களின் கிராங்க்கேஸும் மூடிகளும் பெரும்பாலும் மெக்னீசியக் கலவையில் வார்க்கப்பட்டவை. புளியிலும் வினிகரிலும் உள்ள அமிலம் அதை அரிக்கும். மண்ணெண்ணெய், பிரஷ், பொறுமை ஆகிய மூன்றும் போதும். அதே உலோகத்தை அரைக்கும்போது விழும் தூள் தீப்பற்றக்கூடியது. இரும்பு அரைத்த கிரைண்டரில் மெக்னீசியத்தை அரைக்க வேண்டாம். தூளைக் குவிய விட வேண்டாம். பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றினால் தீ மேலும் சீறும். பக்கத்தில் உலர்ந்த மணல் வாளி இருக்கட்டும்.

சிலிண்டர் சுவரில் ஒட்டிய அலுமினியத்தைக் கரைக்கக் காஸ்டிக் சோடா பயன்படும். அது அலுமினியத்தைத் தின்னும், குரோமியப் பூச்சைத் தொடாது. ஆனால் சிலிண்டரின் உடலும் அலுமினியம்தான். எனவே பஞ்சுக் குச்சியால் ஒட்டுப்பட்ட இடத்தில் மட்டும் தடவி, நுரை அடங்கியதும் துடைத்து, நன்றாகக் கழுவ வேண்டும்; கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், வேலை திறந்தவெளியில் நடக்கட்டும். பூச்சே உரிந்து அடியில் உள்ள அலுமினியம் தெரிந்தால், அந்தச் சிலிண்டரோடு போராடாமல் வேறு தேடுவதே நல்லது.

இக்னிஷன் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஃபிளைவீலுக்கு அடியில், மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் தொடுமுனையான பாயிண்ட்டைச் சுத்தம் செய்து, இடைவெளியை 0.35 முதல் 0.4 மில்லிமீட்டருக்குள் வைத்தால் பெரும்பாலும் தீப்பொறி திரும்பிவிடும். தேய்த்த பிறகு எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத காகிதத்தை நடுவில் விட்டு இழுக்க மறக்க வேண்டாம்.

பெட்ரோல் விஷயத்தில்தான் காலம் மாறியிருக்கிறது. இந்த ரம்பங்கள் வடிவமைக்கப்பட்ட நாளில் எத்தனால் கலப்பு என்ற பேச்சே நம் பங்க்குகளில் இல்லை. இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. பழைய ரப்பர் குழாயும் கார்புரேட்டர் டயாஃப்ரமும் அதில் ஊறி இளகும் அல்லது விறைக்கும் என்பது பலரும் அறிந்தது. அதைவிட மோசமானது, எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வது. ஈரம் அளவு மீறியதும் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்குகின்றன; ஆயில் மேலே உள்ள பெட்ரோலோடு நின்றுவிடுகிறது. உறிஞ்சும் குழாயோ அடியில்தான் கிடக்கிறது. அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சினுக்கு உயவே கிடைப்பதில்லை. ஆகவே அன்றைக்கு வேண்டியதை அன்றே கலந்து, மீதியை வடித்துவிட்டு, கார்புரேட்டர் காலியாகும்வரை ஓட்டி நிறுத்துங்கள்.

ஆயில் அளவைப் பொறுத்தவரை, அந்தக் காலக் கையேடுகள் 1:16 முதல் 1:25 வரை சொல்லும். இன்றைய தரமான டூ-டி ஆயிலில் நான் 1:25-ஐயே பின்பற்றுகிறேன். அதாவது லிட்டருக்கு 40 மில்லி. ஆயிலைக் கூட்டினால் கலவை செழிக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அதே துளை வழியே வரும் பெட்ரோலின் பங்கு குறைவதால் அது எதிர்ப்பக்கம் போகிறது. எத்தனாலிலும் ஆக்சிஜன் இருப்பதால் அதுவும் அந்தத் திசையிலேயே தள்ளும். ஆகவே இன்றைய பெட்ரோலுக்கு, பழைய கையேடு சொல்லும் அளவைவிட, முழு வேகத்தில் வரும் பெட்ரோலைக் கட்டுப்படுத்தும் ஹெச் ஸ்க்ரூவைச் சற்றுத் திறந்து வைக்க வேண்டும். சுமையின்றி முழு வேகத்தில் லேசாகத் திக்கி, மரத்தில் வைத்ததும் தெளிவாகும் ஓசையே சரியானது.

இவ்வளவும் செய்து எஞ்சின் சீராக ஓடினாலும், அந்த ரம்பத்தில் முதலிலிருந்தே இல்லாத ஒன்றை யாராலும் சீர்செய்து தர முடியாது. செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடான பாரின் நுனியின் மேற்கால்பகுதி மரத்தில் இடித்தால் ரம்பம் ஆளை நோக்கி மேலே உதைக்கும். முன்கைக் காப்பு கையில் பட்டதும் செயினை நிறுத்தும் பிரேக்கை ஸ்டில் நிறுவனம் 1972-இல்தான் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய வடிவமைப்புகளில் அது இல்லை, அறுந்த செயினைத் தடுக்கும் கொக்கியும் பலவற்றில் இல்லை. அதிர்வைத் தாங்கும் ரப்பர்களும் பழைய மாடல்கள் பலவற்றில் கிடையாது. தொடர்ந்து அதிர்வு ஏறினால் விரல்களின் ரத்த ஓட்டம் கெட்டு, குளிரில் அவை வெளுத்து மரத்துப்போகும். ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் எட்டு மணி நேர வேலைக்குக் கை அதிர்வின் உச்ச வரம்பாக வினாடி வர்க்கத்துக்கு 5 மீட்டரை வைத்ததற்கு இதுவே காரணம். எனவே இத்தகைய ரம்பத்தால் தரையில் கிடக்கும் கட்டையை, பாரின் நுனியைப் பயன்படுத்தாமல், சிறிது நேரம் அறுக்கலாம். மரத்தில் ஏறி அறுக்கவும் தோளுக்கு மேல் தூக்கி அறுக்கவும் கூடாது. தினக்கூலி வேலைக்கும் கொடுக்கக் கூடாது.

செயினைப் பழையதாகவே வைத்திருப்பதில் எந்தப் பெருமையும் இல்லை, புதிதாக வாங்குங்கள். 070-க்குப் பொதுவாக வரும் 0.404 அங்குலச் செயினுக்கு 5.5 மில்லிமீட்டர் வட்ட அரம் வேண்டும்; வெட்டும் பல்லுக்கு முன்னால் உள்ள முன்பல் அதைவிட 0.8 மில்லிமீட்டர் தாழ்வாக இருக்க வேண்டும். அதைவிடத் தாழ்த்தினால் வேகமாக அறுக்கும், கூடவே உதையும் பலமாகும். 1946-இல் அமெரிக்காவின் ஜோசப் காக்ஸ், வெட்டுமரத்தைக் குடையும் வண்டுப்புழுவின் தாடையைக் கூர்ந்து பார்த்து, இருபுறமும் மாறி மாறிச் சீவும் பல்லை வடிவமைத்தார். இன்றைய செயின்கள் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். ஆகவே பழைய ரம்பத்தில் புதுச் செயின் மாட்டுவது அதன் அசல் தன்மையைக் கெடுக்கும் என்று கவலைப்பட வேண்டாம்.

சீர்செய்த ரம்பத்தை விற்கவோ இரவல் கொடுக்கவோ நேர்ந்தால், எரிபொருள் கலவை 1:25 என்பதையும் செயின் பிரேக் இல்லை என்பதையும் தகட்டில் எழுதிப் பின்கைப்பிடியில் கட்டிவிடுங்கள். வாங்குபவருக்கு நீங்கள் வாயால் சொல்லியிருக்கலாம். அதை அவரிடமிருந்து வாங்கிப்போகும் அடுத்தவருக்குச் சொல்ல நீங்கள் இருக்க மாட்டீர்கள்.