இன்ஜினுக்கு முன்னால் ஸ்க்ரூவைப் பாருங்கள்

"சார், ஐடில்ல வெச்சா இன்ஜின் நின்னுடுது, கொஞ்சம் ட்யூன் பண்ணிக் குடுங்க" என்றுதான் தன் பெரிய ரிமோட் விமானத்தோடு ஒரு வாடிக்கையாளர் வந்தார். ஐடில் என்றால் இன்ஜின் மிகக் குறைந்த வேகத்தில் சும்மா ஓடுவது. 100 சிசி இரட்டை சிலிண்டர் இன்ஜின், இரண்டரை மீட்டருக்கும் மேல் இறக்கை, சுருக்கமே இல்லாமல் ஒட்டிய பளபளப்பான ஃபிலிம். நான் இன்ஜின் பக்கமே போகவில்லை. பின்னால் போய், விமானத்தின் மூக்கை மேலும் கீழும் திருப்பும் வால் பலகையான எலிவேட்டரின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் அசைத்தேன். அதை இயக்கும் சின்ன மோட்டாரான சர்வோ அசையவில்லை, எலிவேட்டர் மட்டும் மூன்று மில்லிமீட்டர் ஆடியது. அன்றைக்கு இன்ஜின் நின்று நின்று போனதுதான் அந்த விமானத்தைக் காப்பாற்றியது.

மற்றவர்கள் வாங்கிய பெரிய பெட்ரோல் ஆர்சி (ரிமோட்டில் இயங்கும்) விமானங்களைப் பூட்டிக் கொடுப்பதும், அவர்களே பூட்டியதைச் சோதித்துக் கொடுப்பதும் என் தொழில். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் ஃபோம் விமானமும் பேட்டரி மோட்டாருமாக நாலைந்து வருடம் ஓட்டியவர்கள். ஓட்டுவதில் கெட்டிக்காரர்கள். ஆனால் மின்மோட்டார் வழுக்கிக்கொண்டு சுற்றும். பெட்ரோல் இன்ஜின் ஒவ்வொரு வெடிப்புக்கும் உடம்பை ஓர் உதறு உதறும். இரண்டு சிலிண்டரும் எதிரெதிராக இருந்தால் உதறல் கொஞ்சம் தணியும், ஒற்றை சிலிண்டர் என்றால் சொல்லவே வேண்டாம். சராசரியாக 4,500 சுற்று என்று வைத்தாலும் எட்டு நிமிடப் பறப்பில் 36,000 உதறல். நேற்று இறுக்கமாக இருந்த எதுவும் இன்றும் இறுக்கமாக இருக்கும் என்று இந்த விமானத்தில் நம்ப முடியாது.

அளவையும் ஒருமுறை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். நிஜமான எக்ஸ்ட்ரா 330எஸ்சி விமானத்தின் இறக்கை 7.5 மீட்டர். அதில் 35 சதவீத அளவுக்குச் செய்த மாடல்தான் 100 சிசி விமானம். எடை 11, 12 கிலோ. மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் அது பறக்கிறது என்றால், அதே 12 கிலோவைப் பதினைந்து மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து கீழே போட்டால் எப்படி வந்து மோதுமோ அதற்குச் சமம். "மாடல்தானே" என்ற பேச்சை என் பட்டறையில் நான் அனுமதிப்பதில்லை.

சரி, எலிவேட்டர் விஷயத்துக்கு வருகிறேன். அந்த மூன்று மில்லிமீட்டர் ஆட்டம் எங்கிருந்து வந்தது? சர்வோ கியரில் கொஞ்சம், சர்வோவின் கையான ஆர்மின் பல்லில் கொஞ்சம், மூட்டான பால் லிங்கில் கொஞ்சம், பலகையில் ஹார்ன் என்ற கொம்பு ஒட்டிய இடத்தில் கொஞ்சம். தனித்தனியாகப் பார்த்தால் எதையும் குற்றம் சொல்ல முடியாது. சேர்ந்தால், வேகமாகக் கீழே பாயும்போது காற்று அந்த எலிவேட்டரைப் பிடித்துப் படபடவென்று அடிக்க ஆரம்பிக்கும். ஃப்ளட்டர் என்பது அதுதான். கேட்டவர்களுக்கு அந்தச் சத்தம் மறக்காது, பெரிய வண்டு ஒன்று ரீங்கரிப்பதுபோல இருக்கும். அடுத்த ஓரிரு நொடியில் கீல் பிய்ந்துவிடும், அல்லது சர்வோ பல் உடைந்துவிடும். அந்தச் சத்தம் காதில் விழுந்தால் உடனே த்ராட்டிலை இறக்கி இன்ஜின் வேகத்தைக் குறையுங்கள், வேறு யோசனை வேண்டாம். இறங்கிய பிறகு எந்தப் பலகை என்று தேடிக்கொள்ளலாம்.

ஆட்டத்தைக் குறைக்கும் வழிகள் எதுவும் ரகசியமில்லை. பிளாஸ்டிக் ஆர்முக்குப் பதிலாக உலோக ஆர்ம், இரண்டு பக்கமும் தாங்கிப் பிடிக்கும் ஹார்ன், ஆர்மையும் ஹார்னையும் இணைத்து நேராக ஓடும் கனமான கம்பி, அதாவது புஷ்ராடு. கீல் இடைவெளியை அடியிலிருந்து ஒளி ஊடுருவும் டேப்பால் மூடிவிட வேண்டும். இதை அழகுக்காகச் செய்வது என்று பலர் தவிர்த்துவிடுகிறார்கள். மூடாத இடைவெளி வழியே காற்று ஒழுகினால் பலகையின் பிடிப்பும் குறையும், ஃப்ளட்டருக்கும் வழி திறக்கும்.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. 3டி பறப்புக்கு, அதாவது காற்றில் தொங்கி நிற்பது போன்ற வித்தைகளுக்கு, எலிவேட்டர் 45 டிகிரி திரும்ப வேண்டும் என்று நீளமான ஆர்ம் போடுகிறார்கள். அப்புறம் சாதாரணப் பறப்புக்கு ரிமோட்டில் 30 சதவீதமாகக் குறைத்துக்கொள்கிறார்கள். ஆர்ம் நீள நீள சர்வோவின் பலம் பலகையில் குறையும், சர்வோவில் இருக்கும் சின்ன ஆட்டமும் பெரிதாகித் தெரியும். ரிமோட்டில் குறைப்பதால் அந்த ஆட்டம் குறையாது. உங்களுக்கு 3டி வேண்டாம் என்றால் ஆர்மைக் குட்டையாக வைத்துவிட்டு ரிமோட்டை முழு அளவில் விடுங்கள். நடுவில் இருக்கும்போது ஆர்மும் புஷ்ராடும் செங்கோணத்தில் நிற்கட்டும். இயந்திர வேலை முடிந்த பிறகுதான் ரிமோட்டைத் தொட வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்த விமானங்கள்தான் என் மேஜைக்கு அதிகம் வருகின்றன.

ஒரே எய்லரானில் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைப் பலகை) இரண்டு சர்வோ இருந்தால் இன்னும் கவனம். ஒன்று இழுக்கும் தூரமும் மற்றது இழுக்கும் தூரமும் அணுவளவு மாறினாலும் இரண்டும் நாள் முழுக்க ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். காதை வைத்தால் 'ஙொய்' என்று முனகல் கேட்கும். ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கும் அதன் பேட்டரிக்கும் நடுவில் ஓர் ஆம்பியர் மீட்டரை வைத்து, பலகையை மேலே, நடுவே, கீழே என்று நிறுத்திப் பாருங்கள். ஒரு இடத்தில் மட்டும் மின்னோட்டம் ஏறினால் சண்டை அங்கேதான் நடக்கிறது.

மின்சார வேலையில் எனக்குச் சமரசமே கிடையாது. ரிசீவருக்கு இரண்டு பேட்டரி, இரண்டு ஸ்விட்ச். ஒன்று செத்தாலும் மற்றது விமானத்தைக் கீழே கொண்டுவரும். தீப்பொறி தரும் இக்னிஷனுக்குத் தனி பேட்டரி. ரிமோட்டிலிருந்தே இக்னிஷனை அணைக்கும் கில் ஸ்விட்ச் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் த்ராட்டில் லிங்க் கழன்றுபோனால் இன்ஜினை நிறுத்த வேறு வழி இல்லை. இக்னிஷன் பெட்டியும் ரிசீவரும் குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளியிருக்கட்டும். த்ராட்டில் கம்பி மட்டும் உலோகமாக வேண்டாம். இன்ஜினிலிருந்து வரும் மின் இரைச்சலை நேராக சர்வோவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ரிமோட் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்ற ரேஞ்ச் சோதனையை இன்ஜின் நின்றிருக்கும்போது ஒருமுறையும் ஓடும்போது ஒருமுறையும் செய்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஓடும்போது தூரம் கணிசமாகக் குறைந்தால் அன்று பறக்கக் கூடாது.

என் சொந்தக் கதை ஒன்று. ஆரம்ப காலத்தில் 50 சிசி விமானம் ஒன்றை நானே பூட்டி, நானே பறக்கவிட்டு, நானே சோளக்காட்டில் தேடினேன். இறக்கைக்குப் போகும் சர்வோ ஒயரின் பிளக்கை வெறுமனே சொருகி விட்டிருந்தேன். ஆறாவது பறப்பில் உதறலில் மெல்ல நழுவிவிட்டது. ஓர் எய்லரான் அப்படியே உறைந்துபோக, மற்றதை வைத்துச் சமாளிப்பதற்குள் தரை வந்துவிட்டது. சூட்டில் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் டியூப் ஒரு துண்டு போட்டிருந்தால் போதும். இப்போது நான் பூட்டும் எந்த விமானத்திலும் கிளிப்போ ஹீட் ஷ்ரிங்கோ இல்லாத பிளக்கைப் பார்க்க முடியாது. சிலருக்கு இது வெறியாகத் தெரிகிறது. தெரியட்டும்.

இனி இன்ஜின். எரிபொருள் டியூபில்தான் முதல் தப்பு நடக்கும். மெத்தனால் இன்ஜினுக்குப் போடும் சிலிக்கோன் டியூப் பெட்ரோலில் ஊறி, உப்பி, கடைசியில் கழன்றுவிடும். பெட்ரோலுக்கென்றே வரும் டியூப் போட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் கம்பியாலோ கிளிப்பாலோ கட்டுங்கள். ஆயில் கலவை இன்ஜின் கையேட்டில் சொன்னபடி. 32:1 என்று போட்டிருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 31 மில்லிலிட்டர். அப்புறம் இன்ஜினை மூடும் உறையான கவுலிங். முன்னால் பெரிய ஓட்டை இருக்கிறது, காற்று போதும் என்று நினைக்காதீர்கள். உள்ளே வந்த காற்று சூடாகி விரிந்து வெளியேற வேண்டும். வெளியேறும் வழி உள்ளே வரும் வழியைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாக இல்லாவிட்டால் சிலிண்டர் வெந்துவிடும். காற்று சோம்பேறி, எளிதான பாதையில் ஓடிவிடும். தடுப்புப் பலகை வைத்து அதைச் சிலிண்டரின் குளிர்விப்பு இதழ்களுக்கு நடுவே போகவைக்க வேண்டும்.

இன்ஜினை முன்பலகையில் பிடித்திருக்கும் போல்ட்டுகளுக்கு நீல நிற லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை). அதற்கு முன் போல்ட்டில் இருக்கும் எண்ணெயைத் துடைத்தெடுங்கள், எண்ணெயின் மேல் அது பிடிக்காது. சைலன்சர் போல்ட்டில் அதை நம்பாதீர்கள், சூட்டில் இளகிவிடும். அங்கே பூட்டு வாஷர்தான் சரி. மரப் ப்ரொப்பெல்லராக இருந்தால் முதல் சில பறப்புகளில் மரம் அமுங்கி போல்ட் தளரும். ஒவ்வொரு பறப்புக்குப் பிறகும் எதிரெதிர் வரிசையில் மறுபடி இறுக்குங்கள்.

அவருடைய ஐடில் பிரச்சினைக்கு வருவோம். பெட்ரோல் கலவையைக் கூட்டிக் குறைக்கும் கார்புரேட்டர் ஊசிகளைத் திருப்பித் திருப்பி அவர் களைத்துப்போயிருந்தார். ஊசியில் ஒரு கோளாறும் இல்லை. கார்புரேட்டரை இன்ஜினோடு பிடித்திருந்த ஸ்க்ரூக்களில் ஒன்று கையாலேயே சுழன்றது. அந்த இடைவெளி வழியே காற்றை உறிஞ்சி, கலவை மெலிந்து, ஐடிலில் இன்ஜின் செத்துக்கொண்டிருந்தது. இறுக்கிய பிறகு ஊசிகளைத் தொழிற்சாலை வைத்த இடத்துக்கே திருப்பினேன். முழு வேகத்தில் மெலிந்த கலவை முதலில் நன்றாக இழுப்பதுபோலத் தோன்றும், அப்புறம்தான் பிஸ்டனைக் கடித்துக்கொண்டு நிற்கும். அதனால் எப்போதும் கொஞ்சம் செழிப்பான, அதாவது பெட்ரோல் கூடுதலான, பக்கமே வையுங்கள்.

எடை மையத்தை டேங்க் காலியாக இருக்கும்போது பாருங்கள். கையேடு சொல்லும் இடத்துக்குச் சற்று முன்னால் இருந்தால் பரவாயில்லை, பின்னால் மட்டும் வேண்டாம்.

ஸ்டார்ட் செய்யும் இடத்தைத்தான் நான் நிறையச் சொல்ல வேண்டும். 28 அங்குல ப்ரொப்பெல்லர் நிமிடத்துக்கு 6,500 சுற்று சுற்றினால் அதன் நுனி மணிக்கு சுமார் 870 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. கார்பன் ப்ரொப்பெல்லர் என்றால் அது கத்திதான். இந்தத் தொழிலில் நான் பார்த்த காயங்கள் வானத்தில் நடந்தவை அல்ல, தரையில் ஸ்டார்ட் செய்யும்போது நடந்தவை. அதில் ஒன்று என் வலது ஆள்காட்டி விரலில் இருக்கிறது.

வாலைப் பிடிக்க ஓர் ஆள் இல்லாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். கயிற்றால் கட்டினாலும் சரி. கையில் தடித்த தோல் கையுறை வேண்டும். ரிமோட்டைக் கழுத்தில் மாட்டும் வாரைக் கழற்றி வையுங்கள். குனியும்போது அது தொங்கும், தொங்குவதை ப்ரொப்பெல்லர் இழுத்துக்கொள்ளும். கைக்கு முன்னால் கண் போகட்டும்: த்ராட்டில் ஸ்டிக் கீழேதான் இருக்கிறதா? காற்று வழியை அடைக்கும் சோக்கை மூடி, இக்னிஷனை அணைத்து நாலைந்து முறை சுற்றிப் பெட்ரோலை இழுக்க வைத்து, பிறகு இக்னிஷன் போட்டுத் தட்டினால் ஒரு 'டப்' கேட்கும். சோக்கைத் திறந்து மறுபடி தட்டினால் பிடித்துக்கொள்ளும். இக்னிஷன் அணைந்திருந்தாலும் உயிரோடு இருப்பதாகவே நினைத்து ப்ரொப்பெல்லரைத் தொடுங்கள். ஊசியைத் திருப்ப வேண்டுமென்றால் பின்பக்கமாகச் சுற்றிப் போய், பின்னால் நின்றே திருப்புங்கள். ப்ரொப்பெல்லர் சுழலும் தளத்துக்கு நேராகப் பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது, வேடிக்கை பார்க்க வந்த குழந்தைகள் முக்கியமாக. ரிமோட்டை அணைத்தால் த்ராட்டில் இறங்கி இன்ஜின் நிற்கிறதா என்ற ஃபெயில்சேஃப் சோதனையை வாலைப் பிடித்தபடியே செய்துவிடுங்கள்.

முதல் பறப்பில் வித்தை எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடம் வட்டமடித்து இறக்குங்கள், கவுலிங்கைக் கழற்றுங்கள். நான் ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் பக்கத்து உலோகம் வரை நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்துவிடுவேன். போல்ட் கொஞ்சம் திரும்பினாலும் கோடு உடைந்து தெரியும். ஸ்பானர் கூட வேண்டாம், கண்ணே போதும்.

அவருடைய விமானத்திலும் சிவப்பில் இழுத்துக் கொடுத்திருந்தேன். மூன்றாவது வாரம் மைதானத்திலிருந்து போன் வந்தது. ஐடிலைப் பற்றியோ ட்யூனிங்கைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. "சார், இடது சைலன்சர்ல ரெண்டாவது போல்ட், கோடு விலகியிருக்கு. இறக்கி வெச்சுட்டேன், என்ன வாஷர் வாங்கணும்?"